புதுத் துப்பாக்கியும் ஏழாவது தோட்டாவும்

ஆறு தோட்டா ஒழுங்காகப் போயின. ஏழாவதற்கு விசையை இழுத்தால் விரலுக்கு எதிர்ப்பே இல்லை, மரை கழன்ற குழாயைத் திருகியது மாதிரி இருந்தது. குனிந்து பார்த்தேன். துப்பாக்கியின் மேல்பகுதியில் முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடு பாதி வழியில் நிற்கிறது, இடுக்கில் பித்தளை மின்னுகிறது. வாங்கி மூன்றே நாளான 9 எம்எம் கைத்துப்பாக்கி.

பின்னால் அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார். அவரிடம் காட்டலாம் என்று திரும்பினேன். முழுதாகக்கூட இல்லை, கால்வாசிதான். அதற்குள் ஒரு கை என் முழங்கையைப் பிடித்து, வந்த வழியே திருப்பிவிட்டது. ரேஞ்ச் ஆபீசர், அதாவது சுடும் பயிற்சிக் களத்தின் மேற்பார்வையாளர். என் அப்பா வயதிருக்கும், வெள்ளைத் தாடிக்காரர். காது மூடியையும் தாண்டிக் கேட்டது அவர் குரல்: "துப்பாக்கி முன்னாடியே பார்க்கணும்! நீ திரும்பு, அது திரும்பக் கூடாது!"

துப்பாக்கி இருந்த அந்த நிலையில் அது வெடித்திருக்க வழியில்லை என்பது பிறகுதான் புரிந்தது. அந்த நேரத்தில் எனக்கு அது தெரியாதே. முனை எங்கே பார்க்கிறது, விரல் எங்கே இருக்கிறது என்ற நினைப்பே இல்லாமல், கெட்டுப்போன மிக்ஸியைக் கடைக்காரரிடம் நீட்டுவது போல நீட்டப் போனேன். அந்தத் துப்பாக்கியால் அடுத்த ஒன்றரை மாதம் அலைந்தேன். ஆனாலும் இப்போது நினைத்தால் முதுகு சில்லிடுவது அந்த இரண்டு விநாடிக்குத்தான்.

ஆபீசர் சொல்லித்தந்தது இவ்வளவுதான். சுடும்போது எது நடந்தாலும் முதல் வேலை விரலை விசையிலிருந்து எடுத்துத் துப்பாக்கியின் வெளிப்பக்கச் சட்டத்தில் நீட்டி வைப்பது. முனை இலக்கைப் பார்த்தபடியே இருக்க வேண்டும். உதவி வேண்டுமென்றால் துப்பாக்கியை அப்படியே பிடித்துக்கொண்டு இடது கையைத் தூக்கினால் போதும், அவர் வருவார்.

கொஞ்சம் முன்கதை. ஹூஸ்டன் பக்கம் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன். துப்பாக்கியோடு முன்பழக்கம் என்றால் கல்லூரி என்சிசி முகாமில் படுத்துக்கொண்டு சுட்ட ஐந்து ரவை, அதுவும் .22 ரைஃபிளில். கிரீன் கார்டு வந்து மூன்று வருடம் கழித்து வாங்கினேன். ஏன் வாங்கினேன் என்பது நீண்ட கதை. வீட்டில் அது இன்னும் முடியாத விவாதம், அதனால் இங்கே வேண்டாம்.

கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். கடைக்காரர் நிக்ஸ் எனப்படும் எஃப்பிஐ பின்னணிச் சோதனை செய்வார். 1998 நவம்பரிலிருந்து நடப்பில் இருக்கும் ஏற்பாடு அது. எனக்குப் பத்து நிமிடத்தில் முடிந்தது. இந்த இடத்தில் நம் ஆட்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எச்-1பி விசாவில் இருப்பவர்கள் பொதுவாகத் துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகள்தான் உண்டு. "வாங்கலையே, ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சும்மா சுடப்போறோம்" என்றாலும் கையில் எடுப்பது எடுப்பதுதான். வார இறுதியில் நண்பர்கள் கூட்டமாகப் போய் ஆளுக்குப் பத்துத் தோட்டா சுட்டுப் படம் எடுத்துப் போடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள்.

சரி, துப்பாக்கிக்கு வருவோம்.

ஆபீசர் என் கண் முன்னாலேயே அதைப் பிரித்துக் காட்டினார். ஸ்லைடைப் பலமாகப் பின்னால் இழுத்துப் பூட்டினார். தோட்டாக்கள் அடுக்கியிருக்கும் மேகசின் சிக்கியிருந்தது, கீழிருந்து பிடுங்கி எடுத்தார். பிறகு ஸ்லைடை மூன்று தடவை இழுத்து இழுத்து விட்டார். ஒரு முழுத் தோட்டா விழுந்தது, அடுத்து சுட்ட தோட்டாவின் காலி உறை ஒன்று. "டபுள் ஃபீட்" என்றார். சுட்ட உறை வெளியே போகாமல், தோட்டா உட்கார்ந்து வெடிக்கும் அறையான சேம்பரிலேயே தங்கிவிட்டது. அடுத்த தோட்டா மேலே ஏறி வந்து அதன் முதுகில் முட்டி நின்றிருக்கிறது. பஸ்ஸில் இறங்குகிறவர் இறங்குவதற்குள் ஏறுகிறவர் முண்டியடித்த கதை.

இந்த இயந்திரம் எப்படி ஓடுகிறது என்று தெரியாமல் அதன் பழுதைப் பிடிக்க முடியாது. தோட்டா வெடித்ததும் அந்த உதையில் ஸ்லைடு பின்னால் ஓடும். அதன் முகத்தில் எக்ஸ்ட்ராக்டர் என்று ஒரு சின்னக் கொக்கி உண்டு. காலி உறையின் விளிம்பைக் கவ்விச் சேம்பரிலிருந்து அது இழுத்துக்கொண்டு வரும். வரும் வழியில் எஜெக்டர் என்ற ஒரு முள் உறையைத் தட்டி வெளியே எறியும். ஸ்பிரிங் ஸ்லைடை முன்னால் தள்ளும்போது மேகசினில் மேலே இருக்கும் தோட்டாவையும் சேர்த்துச் சேம்பருக்குள் கொண்டுபோகும். இவ்வளவும் கண் இமைப்பதற்குள். இதில் எந்தப் படியில் தடுக்குகிறது என்பதைப் பொறுத்துப் பழுதுக்குப் பெயர் மாறும். உறை பாதி வெளியே வந்து புகைபோக்கி மாதிரி நிமிர்ந்து நின்றால் ஸ்டவ்பைப். புதுத் தோட்டா ஏறாமல் மூக்கை இடித்துக்கொண்டு நின்றால் ஃபீட் பழுது. எனக்கு நடந்தது கொக்கி தன் வேலையைச் செய்யாதது. ஆனால் அன்றைக்கு அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை, வேறு யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

பக்கத்துத் தடத்தில் சுட்டுக்கொண்டிருந்தவர் உடனே தீர்ப்புச் சொன்னார்: "மணிக்கட்டு தளர்ந்திருக்கு." இது ரேஞ்சில் எல்லோரும் எல்லோருக்கும் சொல்லும் மருந்து. புதிதாக வரும் பெண்களுக்கு இரண்டு மடங்கு சொல்வார்கள். பொய்யும் இல்லை. ஸ்லைடு முழுதாகப் பின்னால் ஓட வேண்டுமென்றால் கீழ்ச்சட்டம் அசையாமல் நிற்க வேண்டும். மணிக்கட்டு வளைந்து கொடுத்தால் உதையில் பாதியைக் கை வாங்கிக்கொள்ளும், ஸ்லைடு அரைகுறையாகப் போய்த் திரும்பும். என்னுடையது போன்ற சின்னத் துப்பாக்கிகளில் ஸ்லைடு ஓடும் தூரம் குறைவு, ஸ்பிரிங்கும் முரட்டு ஸ்பிரிங். அதனால் இந்தத் தளர்ச்சியை அவை மன்னிப்பதில்லை. நானும் நம்பிவிட்டேன். அதோடு இன்னொரு குற்ற உணர்ச்சி வேறு. புதுத் துப்பாக்கியைத் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசி அனுப்புகிறார்கள். முதல் தடவை சுடுவதற்கு முன் துடைத்துச் சுத்தம் செய்து, புது எண்ணெய் இட வேண்டும் என்று கையேட்டில் இருக்கிறது. நான் கையேட்டைப் பிளாஸ்டிக் உறையிலிருந்தே எடுக்கவில்லை.

அன்று இரவு எடுத்துப் படித்தேன். தோட்டாப் பெட்டியை வேறு அறையில் வைத்துவிட்டு, சேம்பரைக் கண்ணால் ஒரு தடவை, சுண்டுவிரலால் ஒரு தடவை பார்த்துவிட்டு, சாப்பாட்டு மேஜையில் பழைய வேட்டித் துணியை விரித்துச் சுத்தம் செய்தேன். "சாப்பிடுற இடத்திலயா?" என்றாள் மனைவி. அவள் கேட்டது நியாயம். சுட்ட துப்பாக்கியில் ஈயத் துகள் ஒட்டியிருக்கும். அடுத்த நாளிலிருந்து அந்த வேலை கராஜுக்குப் போனது.

அண்ணாச்சி வழி தனி. தூத்துக்குடிக்காரர், இங்கே வந்து இருபத்தைந்து வருடம், மான் வேட்டைக்குப் போகிறவர், வேலையில் தரப் பரிசோதனைப் பொறியாளர். "தம்பி, ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் மாத்தணும். எல்லாத்தையும் சேத்து மாத்துனா எது கெட்டதுன்னு எப்படிய்யா தெரியும்?" என்றார். இரண்டு மேகசினின் அடியிலும் வெள்ளை மார்க்கரால் 1, 2 என்று எழுதச் சொன்னார். ஒரு கோடு போட்ட நோட்டும் வாங்கிக்கொண்டோம்.

அடுத்த சனிக்கிழமை நான்கு பெட்டித் தோட்டாவோடு போனோம். 115 கிரெயினில் மூன்று, 124 கிரெயினில் ஒன்று. கிரெயின் என்பது குண்டின் எடையைச் சொல்லும் அளவு. 124 கிரெயின் ஏறக்குறைய 8 கிராம், அதாவது ஒரு சவரன். ஒரு சவரன் ஈயமும் செம்பும் என்று நினைத்தால் அதன் வேகம் மனதில் உறைக்கும்.

நோட்டில் எழுதியது இப்படி. 115 கிரெயின், என் கை, முதல் மேகசின்: 25-க்கு 2 தடவை நின்றது. அதே தோட்டா, இரண்டாம் மேகசின்: மறுபடி 2. ஆக மேகசின் காரணமில்லை. 124 கிரெயினில் முதல் மேகசினுக்கு 25-க்கு 1, இரண்டாவதுக்கு ஒன்றுமில்லை. கொஞ்சம் வலுவான தோட்டாவுக்குத் தேவலாம், ஆனால் தீரவில்லை. பிறகு அண்ணாச்சி சுட்டார். கல்லில் செதுக்கிய மணிக்கட்டு அவருக்கு. 115 கிரெயினில் 25-க்கு 2 தடவை நின்றது. அங்கேயே மணிக்கட்டுக் கதை முடிந்தது. அதே பெட்டியிலிருந்து 25 தோட்டாவை அவருடைய துப்பாக்கியில் போட்டுச் சுட்டோம், எல்லாம் வழுக்கிக்கொண்டு போயின. தோட்டா மீதும் தப்பில்லை. 125-க்கு 7, ஏழும் ஒரே மாதிரிப் பழுது.

அப்புறம் அவர் செய்த ஒரு சோதனையை நான் யாருக்கும் சொல்வேன். மேகசினில் ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுடுவது. அடுத்த தோட்டா இல்லாததால் முட்டிக்கொள்ள எதுவுமில்லை, நடந்தது நடந்தபடி தெரியும். நான்காவது தடவையில் தெரிந்தது. ஸ்லைடு முழுதாகப் பின்னால் போய்ப் பூட்டி நிற்கிறது, மேகசின் காலி, ஆனால் சேம்பருக்குள் சுட்ட உறை குளத்தில் கிடக்கும் காசு மாதிரி அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. முனை இலக்கைப் பார்க்கத் துப்பாக்கியை மேஜையில் வைத்துவிட்டு, நானும் அவரும் அந்த உறையையே ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு ஏனோ சந்தோஷமாக இருந்தது. உறையை எடுத்துப் போன் கேமராவில் பெரிதாக்கினால், அதன் விளிம்பில் கிழிசல் இல்லை, ஓரிடத்தில் மட்டும் லேசாக வழுக்கிய கீறல். கொக்கி பிடித்திருக்கிறது, பிடி நிற்கவில்லை. இரவு வீட்டில் டார்ச் அடித்துப் பார்த்தபோது கொக்கியின் ஒரு மூலை, நகம் உடைந்தது போலச் சிறிதாகப் பெயர்ந்திருந்தது.

அதே சனிக்கிழமை வேறொன்றும் நடந்தது. ஒரு தோட்டாவுக்கு விசையை இழுத்ததும் 'டிக்' என்ற சத்தத்தோடு சரி, வெடிக்கவில்லை. உடனே ஸ்லைடை இழுக்கப் போன என் கையை அண்ணாச்சியின் குரல் நிறுத்தியது. "தீபாவளிக்கு வெடிக்காத லட்சுமி வெடியைப் போய் உடனே எடுப்பியா?"

எடுக்க மாட்டேன். எங்கள் தெருவில் ஒருவன் எடுத்தான், அந்த விரலை இன்றைக்கும் மடக்க முடியாது. தோட்டாவிலும் அதே கதை உண்டு. அபூர்வமாகச் சில நேரம், தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் தாமதித்துப் பற்றும். அதனால் முனையை இலக்கிலேயே வைத்து முப்பது விநாடியாவது எண்ண வேண்டும். பிறகுதான் எடுப்பது. எடுத்ததன் பின்புறத்தில் பிரைமரில் விழுந்த குழி ஆழமாக இருந்தால் துப்பாக்கி தன் வேலையைச் செய்துவிட்டது, தோட்டாதான் சொத்தை. குழி லேசாக இருந்தால் துப்பாக்கியைச் சந்தேகப்படலாம். எனக்கு ஆழம். ரேஞ்சில் இதற்கென்றே ஒரு பெட்டி இருக்கிறது, அதில் போட்டேன். குப்பைத் தொட்டியில் போடாதீர்கள்.

இதைவிடப் பொல்லாதது புஸ்ஸென்று போகும் தோட்டா. ஸ்க்விப் என்பார்கள். சத்தம் வழக்கத்தைவிட மெலிதாக இருக்கும், உதை ஏறக்குறைய இருக்காது. மருந்து போதாமல் குண்டு குழலின் நடுவிலேயே நின்றிருக்கலாம். இது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வீங்கும், வெடிக்கவும் செய்யும். மேகசின் அடியைத் தட்டு, ஸ்லைடை இழு, மறுபடி சுடு என்று வீடியோக்களில் வேகம் வேகமாகச் சொல்லித்தருகிறார்களே, அந்தப் பழக்கம் இங்கே ஆளைக் கவிழ்த்துவிடும். சத்தம் வித்தியாசமாகக் கேட்டால் அன்றைக்கு அந்தத் துப்பாக்கிக்கு விடுமுறை. தோட்டாவையெல்லாம் எடுத்துவிட்டு, பிரித்து, குழலில் கம்பி விட்டுப் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம். எனக்கு இது நடக்கவில்லை, நடக்க வேண்டாம்.

சிக்கலில் மாட்டிய தோட்டாக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. முட்டி மோதியதில் குண்டு உறைக்குள் கொஞ்சம் அமுங்கியிருக்கலாம். அப்படி அமுங்கியதைச் சுட்டால் உள்ளழுத்தம் எகிறும். புதிய தோட்டா ஒன்றைப் பக்கத்தில் நிற்க வைத்து உயரம் பாருங்கள். குட்டையாக இருந்தால் அதுவும் அந்தப் பெட்டிக்குத்தான். முப்பது காசு தோட்டாவுக்குச் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

நோட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். விற்ற அன்று தோளில் கை போட்டுப் பேசியவர், அன்று கவுன்ட்டருக்கு அந்தப் பக்கமே நின்றார். 4473 கையெழுத்தாகி வெளியே போனால் அது பழைய துப்பாக்கி, திருப்பி எடுப்பதில்லை, கம்பெனியிடம் பேசிக்கொள்ளுங்கள் என்றார். அநேகமாக எல்லாக் கடையிலும் இதே பதில்தானாம். ஆகவே கையெழுத்துப் போடுவதற்கு முன்பே ஸ்லைடை இழுத்துப் பார்க்க, கொக்கியை டார்ச் அடித்துப் பார்க்க, பெட்டியிலுள்ள வரிசை எண்ணும் துப்பாக்கியிலுள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பார்க்கக் கேளுங்கள். நான் நிறம் மட்டும் பார்த்து வாங்கினேன்.

இன்னொரு விஷயம் அப்போதுதான் தெரிந்தது. டோஸ்டரில் கோளாறு என்றால் அமெரிக்காவில் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் அதைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற வைக்கலாம். துப்பாக்கி விஷயத்தில் ஆணையத்துக்கு அந்த அதிகாரம் கிடையாது. 1972-இல் வந்த சட்டத்திலேயே துப்பாக்கியை விலக்கி வைத்துவிட்டார்கள். திரும்பப் பெறுவதா வேண்டாமா என்பது கம்பெனி தானாக எடுக்கும் முடிவு. நாம்தான் அவர்கள் இணையதளத்தில் வரிசை எண்ணைப் போட்டுத் தேட வேண்டும். தேடினேன், என் மாடலுக்கு எதுவும் இல்லை.

கம்பெனியில் தொலைபேசி எடுத்தவர் முதலில் அலுப்பாகத்தான் பேசினார். "எப்படி நிற்குது?" என்று கேட்டதும் நோட்டைப் பார்த்து வாசித்தேன்: எத்தனை தோட்டா, என்ன கிரெயின், எந்த மேகசின், யார் கை. குரல் மாறிவிட்டது. தோட்டாவை மேகசினில் போடாமல் நேரடியாகச் சேம்பருக்குள் போட்டு ஸ்லைடை அடித்து விட்டீர்களா என்று ஒரு கேள்வி கேட்டார். சில துப்பாக்கிகளில் அப்படிச் செய்தால் கொக்கி உடையுமாம். இல்லை என்றேன். மறுநாள் மின்னஞ்சலில் கட்டணம் கட்டிய ஷிப்பிங் லேபிள் வந்துவிட்டது.

அந்த லேபிள் முக்கியம். சாதாரண ஆள் தானாகக் கைத்துப்பாக்கியைக் கட்டிக்கொண்டு யுபிஎஸ், ஃபெட்எக்ஸ் கவுன்ட்டருக்குப் போனால் வாங்க மாட்டார்கள். கம்பெனி சொன்ன வழியில்தான் அனுப்ப வேண்டும். உள்ளே ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது. மேகசின் இரண்டையும், வழுக்கிய உறைகள் மூன்றையும், நோட்டின் நகலையும் வைத்தேன். பெட்டியின் மேல் உள்ளே இருப்பது என்ன என்று எழுதவில்லை. பழுது பார்த்த துப்பாக்கி திரும்ப வீட்டுக்கே வரலாம். மறுபடி கடை, மறுபடி படிவம் தேவையில்லை. வாங்க மட்டும் வயது வந்த ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும்.

இடையில் ஒரு நண்பர், "ஏன் அனுப்பறே? பத்து டாலருக்குக் கொக்கி கிடைக்குது, நீயே மாத்திடு. சேம்பரையும் கொஞ்சம் பாலிஷ் பண்ணிடு" என்று வீடியோ அனுப்பினார். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் ஏதாவது ஒன்றை நான் உரசியிருந்தால் அதற்குப் பிறகு வரும் எல்லாப் பழுதும் என் தலையில்தான் விழும். உத்தரவாதம் இருக்கும்வரை தொடுவதில்லை என்று விட்டுவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து வந்தது. உள்ளே ஒரு துண்டுச் சீட்டு: எக்ஸ்ட்ராக்டரும் அதன் ஸ்பிரிங்கும் மாற்றப்பட்டன, சேம்பர் பாலிஷ் செய்யப்பட்டது, சுட்டுச் சோதிக்கப்பட்டது. மன்னிப்பு என்று ஒரு வரி இல்லை. கூட ஒரு மேகசின் இலவசம். அதன் அடியில் 3 என்று எழுதினேன்.

200 தோட்டா பழுதில்லாமல் போனால்தான் நம்புவது என்று அண்ணாச்சியும் நானும் முடிவு செய்திருந்தோம். முதல் ஐம்பதில் ஒன்றுமில்லை. நூறு தாண்டியது. வெள்ளைத் தாடி ஆபீசர் நடுவில் ஒருமுறை வந்து, என் விரல் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போனார். 150 வரை அண்ணாச்சி நோட்டில் கோடு மட்டும் போட்டுக்கொண்டிருந்தார்.

163-இல், கடைசித் தோட்டா போன பிறகும் ஸ்லைடு பின்னால் பூட்டாமல் முன்னால் வந்து மூடிக்கொண்டது. இரண்டாம் மேகசின். எனக்கு ரத்தம் சூடேறிவிட்டது. விரலை எடுத்தேன், முனை அசையவில்லை, இடது கையை உயர்த்தினேன். ஆபீசர் வருவதற்குள் மனதில் கம்பெனிக்கு ஒரு முழுக் கடிதமே எழுதி முடித்திருந்தேன். மேகசின் ஸ்பிரிங்தான், ஸ்லைடைப் பூட்டும் நெம்புகோல்தான், இந்தத் தடவை விடக் கூடாது என்று.

அவர் துப்பாக்கியைத் தொடவே இல்லை. குனிந்து என் பிடியைப் பார்த்தார், அண்ணாச்சியைப் பார்த்துச் சிரித்தார். அண்ணாச்சி நோட்டில் 163-க்கு நேராக எழுதிவிட்டு என்னிடம் நீட்டினார்: 'வலது கட்டைவிரல் நெம்புகோல் மேல்.'